குப்பைச் சாக்கில் போகும் இலாபம்

"வியாபாரம் எப்படிப் போகிறது?" என்று பதுளை பஸாரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. சாமான் விலை ஏறிவிட்டது, கஸ்டமர் விலையைக் குறைக்கச் சொல்கிறார், அடுத்த கடைக்காரர் குறைத்தும் கொடுத்துவிடுகிறார். ஸ்டிக்கர், பெயர்ப்பலகை, ஸ்டென்சில் வெட்டும் தொழிலில் இருக்கும் எம்மவர்களிடம் இந்தப் பேச்சு இன்னும் அதிகம். நானும் அதே தொழில்தான். சின்னக் கடை, ஒரு கணினி, ஸ்டிக்கர் வெட்டும் பிளொட்டர் ஒன்று, உதவிக்கு என் மகன். இருபது வருடத்துக்குக் கிட்ட இந்த மெசினோடு பழகிவிட்டேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: எங்கள் இலாபத்தின் ஒரு பங்கை டொலரும் தின்னவில்லை, அடுத்த கடைக்காரரும் தின்னவில்லை. மெசினுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் குப்பைச் சாக்குத்தான் தின்கிறது.

இதைப் படிக்கும் பிளொட்டர்காரர் ஒருவராவது இன்று கடை மூடுமுன் அந்தச் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் நான் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

வாப்பாவின் நாகத் தகடு

என் வாப்பா இதே பஸாரில் தகர வேலை செய்தவர். அந்தக் காலத்தில் தேயிலை இப்போது போல் கடதாசிப் பையில் போகவில்லை. ஒட்டுப்பலகைப் பெட்டியில், உள்ளே ஈயத்தாள் போட்டு, ஓரங்களுக்குத் தகரப் பட்டி அடித்துப் போகும். பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை, இலக்கம் எல்லாம் கறுப்பு மையில் இருக்க வேண்டும். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அந்த எழுத்துத் தகடுகளை வெட்டித் தரச் சொல்லி வாப்பாவிடம் வருவார்கள். அவர் நாகத் தகட்டில் எழுத்தைக் கீறி, சிற்றுளியால் தட்டித் தட்டி வெட்டுவார்.

1970 முதல் 1977 வரையான காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தகடு நினைத்த நேரத்தில் கிடைக்காது. அதனால் வாப்பா உளியைக் கையில் எடுப்பதற்கு முன்னர் ஒரு மணித்தியாலம் வெறும் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடதாசியில் எழுத்துக்களை வெட்டி அதன் மேல் பரப்பி, திருப்பி, தள்ளி, நெருக்கி வைப்பார். சிறுவனாக இருந்த நான், "இன்னும் தொடங்கவில்லையா வாப்பா?" என்று கேட்டால், "தொடங்கிப் போட்டன் மகன், இதுதான் வேலை. வெட்டுறது அதுக்குப் பொறகு" என்பார்.

இந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு விளங்க நாற்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

2022 ஜூலை

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. எங்கள் தொழிலில் ரோல், பிளேட், ஒட்டும் டேப் எல்லாமே இறக்குமதிச் சாமான்தான். கொழும்பில் விலை ஏறினால் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனான பதுளையில் அதற்கு மேல் லொறிக் கூலியும் ஏறும்.

ஊவாவில் கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலம்தான் தேயிலையின் நல்ல பருவம். ஊவாத் தேயிலைக்கென்றே உள்ள அந்த மணம் அப்போதுதான் இறங்கும், கொழும்பு ஏலத்தில் நல்ல விலையும் கிடைக்கும். அந்தப் பருவத்துக்கு முன்னர் பசறைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து எனக்கு ஓர் ஓடர் வந்தது. ஐந்து தரம், தரத்துக்கு எட்டுத் தாளாக நாற்பது ஸ்டென்சில். பல தடவை மை பூசினாலும் தாங்கும் பொலியெஸ்டர் தாளில் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் தோட்டப் பெயர், தரம், நிறை மூன்றும் இருக்க வேண்டும். எட்டு மாதமாகக் கண்ணில் காணாத பெரிய ஓடர் அது.

மகன் அவசரப்பட்டான். கணினியில் இருந்த ஒரு சாதாரண எழுத்தை எடுத்து, நாற்பதையும் வரிசையாகப் போட்டு, ஒரே இரவில் வெட்டிக் கட்டி அனுப்பிவிட்டான். நானும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் டீமேக்கர் ஐயாவே கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"என்னா மொதலாளி இது? பீ.ஓ.பீ.ன்னு அடிச்சா மூணு எழுத்தும் கறுப்புப் பொட்டாத்தான் விழுது!"

அவர் சொன்னது சரி. பீ.ஓ.பீ. என்பதிலுள்ள ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் நடுவே ஓர் ஓட்டை இருக்கிறது, முதல் எழுத்தில் இரண்டு. தாளில் வெட்டும்போது அந்த ஓட்டைக்குரிய நடுத்துண்டைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் மெல்லிய பாலம் விட வேண்டும். விடாவிட்டால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும், மை முழுவதும் நிரம்பிவிடும். தமிழில் 'அ', 'க' போன்றவற்றுக்கும், வட்டம் வட்டமாக ஓடும் சிங்கள எழுத்துக்களுக்கும் இதே கதைதான். வாப்பா தூக்கத்திலும் மறக்காத விடயத்தை நாங்கள் மெசின் வந்த மிதப்பில் மறந்துவிட்டோம்.

நாற்பதையும் திரும்ப வெட்ட ரோல் போதாது. அது எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த நேரம்.

"கொழும்புக்கு கோல் எடுத்தன் வாப்பா. சாமான் ஈக்குதாம், லொறிதான் இல்லையாம்" என்றான் மகன். அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

"பருவம் தொடங்கிருச்சி மொதலாளி. அஞ்சு நாள்தான் தருவேன். முடியாட்டிச் சொல்லிருங்க, பண்டாரவளையில கேக்கிறேன்" என்று டீமேக்கர் ஐயா போய்விட்டார்.

அன்றிரவுதான் அந்தக் குப்பைச் சாக்கைக் கவிழ்த்தேன். கழிவென்று எறிந்த அதற்குள் பிளேட் தொடவேயில்லாத, ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத வெற்றுப் பட்டிகள் சுருள் சுருளாகக் கிடந்தன. மகனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய சாமான்.

பிறகு வாப்பாவின் முறையில் யோசித்தோம். தோட்டப் பெயர் மாறுவதில்லை, தரம் மட்டும்தான் மாறுகிறது. அப்படியானால் பெயரை ஏன் நாற்பது தடவை வெட்ட வேண்டும்? ரோலின் வாலில் மிஞ்சியிருந்ததில் பெயரும் நிறையும் கொண்ட தாள் எட்டு மாத்திரம் வெட்டினோம். தரத்துக்கான நாற்பது சின்னத் தாள்களையும் குப்பைப் பட்டிகளிலேயே வெட்டினோம், பாலம் விட்டு. பெயர்த் தாளில் ஒரு சன்னல் விட்டு, வேண்டிய தரத்தை அதில் பொருத்தி அடிக்கும்படி செய்தோம். நான்காம் நாள் சாமான் போய்விட்டது. "இதுதாங்க லேசு, சின்னத மட்டும் மாத்திக்கிட்டா போதும்" என்றார் டீமேக்கர் ஐயா.

ஓடரைக் காப்பாற்றியது எங்கள் கெட்டித்தனம் என்று பெருமை பேச நான் வரவில்லை. ஒரு தடவையில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு தடவை கூலியும் கரண்டும் போனது. அந்த ஓடரில் எனக்கு மிஞ்சியது சொற்பம். ஆனால் ஒரு கேள்வி மனதில் தங்கிவிட்டது. ஒரு பெரிய ஓடரையே தூக்கி நிறுத்தும் அளவு சாமான் குப்பைக்குப் போயிருக்கிறதென்றால், அதற்கு முந்திய வருடங்களில் எவ்வளவு போயிருக்கும்?

ஒரு சென்ரிமீற்றர் கணக்கு

வழமையான ஸ்டிக்கர் ரோலின் அகலம் 61 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அடி. இரண்டு ஓரத்திலும் மெசினின் சில்லு பிடிக்கும் இடத்தை விட்டால் வெட்டக்கூடியது ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர். இப்போது 20 சென்ரிமீற்றர் சதுரத்தில் 60 ஸ்டென்சில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் இரண்டுதான் அடங்கும். பக்கத்தில் 18 சென்ரிமீற்றர் சும்மா போகும். துண்டுக்குத் துண்டு அரை சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால், 30 வரிசைக்கு 6 மீற்றர் 15 சென்ரிமீற்றர் ரோல் தேவை.

அதே கஸ்டமரிடம், "அகலத்தை 19 ஆக வைப்போமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "அதற்கென்ன" என்பார். இப்போது அகலத்தில் மூன்று அடங்கும். 20 வரிசைக்கு 4 மீற்றர் 10 சென்ரிமீற்றர் போதும். ஒரு சென்ரிமீற்றர் குறைத்ததில் மூன்றில் ஒரு பங்கு சாமான் மிச்சம்! மெசின் மாற்றவில்லை, கூலி குறைக்கவில்லை, தரம் குறையவில்லை. கேட்க வேண்டியதை ஓடர் எடுக்கும்போதே கேட்டோம், அவ்வளவுதான்.

அளவை மாற்ற முடியாதென்றால் திருப்பிப் பாருங்கள். 31 சென்ரிமீற்றர் நீளம், 8 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பெயர். ரோலின் குறுக்கே போட்டால் வரிசைக்கு ஒன்றுதான், 60 பெயருக்கு 5 மீற்றர் 10 சென்ரிமீற்றர். ரோலின் நெடுக்கே திருப்பினால் பக்கத்தில் ஆறு அடங்கும், 3 மீற்றர் 15 சென்ரிமீற்றரில் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது கணக்கு எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும். சின்ன ஓடர் ஒன்று வந்தவுடன் வெட்டுகிறோம், கத்தியால் ரோலைக் குறுக்கே அறுக்கிறோம். ஒவ்வொரு அறுப்பிலும் ஓரம் கோணலாகி ஐந்து சென்ரிமீற்றராவது போகும். நாளைக்குப் பத்து ஓடர் என்றால் அரை மீற்றர். மாதம் 25 நாளைக்குப் பன்னிரண்டரை மீற்றர். 50 மீற்றர் ரோலில் சரியாகக் கால்வாசி! அந்தக் கால் ரோலை யாரும் எங்களிடமிருந்து களவெடுக்கவில்லை, நாங்களே அறுத்துக் கொட்டுகிறோம். நான் இப்போது அவசரமில்லாத ஓடர்களை நிறத்துக்கு நிறம் சேர்த்து வைத்து, காலையில் ஒரு தடவை, அஸருக்கு முன் ஒரு தடவை என்று இரண்டு தடவைதான் வெட்டுகிறேன்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?"

இப்படிச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். "நாநா, இதை அடுக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் இரண்டு ஓடர் முடித்துவிடலாம்" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரேயொரு சின்னப் பெயருக்காகக் கால் மணித்தியாலம் அடுக்கிக்கொண்டிருந்தால் அதுவும் விரயமே. ஆனால் அறுபது, நூறு என்று வரும் ஓடரில் கால் மணித்தியாலத்தில் இரண்டு மீற்றர் மிஞ்சுகிறதென்றால், அந்த இரண்டு மீற்றரின் விலையை உங்கள் கால் மணித்தியாலக் கூலியோடு வைத்துப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே பதில் சொல்லும். தாமாகவே அடுக்கித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. எங்களில் பலர் மெசினோடு வந்த மென்பொருளில் அடுக்கித் தரும் வசதி இருக்கிறதா என்றுகூடத் தேடிப் பார்ப்பதில்லை.

ஆடைத் தொழிற்சாலைகளைப் பாருங்கள். எங்கள் தோட்டப்புறப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வேலை செய்கிறார்கள். துணியை வெட்டுவதற்கு முன்னர் எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று 'மார்க்கர்' போடுவதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள். துணியில் நூற்றுக்கு எத்தனை பயன்பட்டது என்று ஒவ்வொரு மார்க்கருக்கும் கணக்கு உண்டு. பெரிய கொம்பனிக்காரன் ஒரு வீதத்துக்குக் கணக்குப் பார்க்கிறான், சின்னக் கடைக்காரனான நான் நூற்றுக்கு முப்பதைச் சாக்கில் போட்டுக் கட்டுகிறேன். இதில் யார் பணக்காரன்?

வெட்டும்போது கழிவைக் குறைப்பது எப்படி என்பதை ஒரு கணிதப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டவர் ரஷ்யாவைச் சேர்ந்த கந்தரோவிச். ஒட்டுப்பலகைத் தொழில்காரர்கள் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது. 1939இல் அவர் வெளியிட்ட நூலில் கழிவைக் குறைத்து வெட்டும் வழியும் அடங்கியிருந்தது. 1975இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தேயிலைப் பெட்டியும் ஒட்டுப்பலகைதானே என்று நினைக்கும்போது, வெறும் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

குறைக்கக் கூடாத கழிவு

எல்லாக் கழிவையும் ஒழித்துவிட முடியாது, ஒழிக்கப் பார்ப்பதும் புத்தியல்ல. புதிய ரோல் போட்டவுடன் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். பிளேட் மழுங்கியிருந்தாலும், அழுத்தம் கூடியிருந்தாலும், குறைந்திருந்தாலும் அந்தச் சதுரம் சொல்லிவிடும். தீப்பெட்டி அளவு சாமானை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று மீற்றரைப் பழுதாக்கியவர்களில் நானும் ஒருவன். பிளேட்டும் அப்படித்தான். மழுங்கிய பிளேட்டை இன்னும் ஒரு மாதம் ஓட்டுவது சிக்கனமல்ல. எழுத்துகளைக் கண்டபடி நெருக்குவதும் ஆபத்து. உரிக்கும்போது அடுத்த எழுத்தும் சேர்ந்து கிழிந்து வரும். நாற்பதில் முதலாவதை மட்டும் வெட்டி, மை அடித்து, கஸ்டமரிடம் காட்டி, சரி என்ற பின்னர் மற்றதை வெட்டுங்கள். 2022இல் நான் இதைச் செய்திருந்தால் ஒரேயொரு தாள்தான் போயிருக்கும்.

இரண்டு சாக்கு

என் கடையில் இப்போது ஒரு சாக்குக்குப் பதிலாக இரண்டு இருக்கின்றன. வெட்டிய எழுத்தைச் சுற்றி உரித்தெடுக்கும் கிழிசல் முதலாவதில் போகும். அது தொழிலோடு பிறந்த கழிவு. பிளேட் படாத வெற்றுத் துண்டுகள் இரண்டாவதில் போகும். அது எங்கள் கவனயீனத்தோடு பிறந்த கழிவு. வியாழக்கிழமை பின்னேரம் கடை மூடுமுன் இரண்டாவது சாக்கைக் கவிழ்த்து, உள்ளங்கையை விடப் பெரிய துண்டுகளை அகலத்தின்படி பிரித்து அடுக்குகிறோம். இலக்கங்கள், முச்சக்கர வண்டிக்கான சின்ன எழுத்துக்கள் எல்லாம் அதிலேயே வெட்டப்படுகின்றன. முதல் மாதம் சாக்கு நிறைந்து வழிந்தது. இப்போது அடியில் கொஞ்சம்தான் கிடக்கிறது. மகனுக்கு நான் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை, சாக்கே சொல்லிக்கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கழிவு கடையை விட்டு எங்கே போகிறது? ஸ்டிக்கர் பெரும்பாலும் பீ.வீ.சீ. பிளாஸ்டிக். பின்வளவில் குவித்து எரித்தால் அமிலப் புகையும் டயொக்ஸின் என்ற நச்சும் கிளம்பும். அதை முதலில் சுவாசிப்பது எங்கள் பிள்ளைகள்தான். பிளாஸ்டிக், பொலித்தீனைத் திறந்தவெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பரிலேயே சட்டம் தடைசெய்துவிட்டது. கானில் போட்டால் பதுலு ஓயா வழியாக மகாவலிக்குப் போகும். எரிக்கவும் முடியாத, எறியவும் முடியாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, கூலி கொடுத்து வெட்டிக் குவிப்பதுபோல் ஒரு நட்டம் உண்டா?

விலையைக் குறைக்காமல்

கடைசியாக, என் சக வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். சதுர அடிக்கு ஐந்து ரூபா, பத்து ரூபா என்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு நாம் எல்லோரும் மெலிந்துபோகிறோம். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. வரியும் டொலரும் எங்கள் கையில் இல்லை. ஆனால் எத்தனை அங்குலம் சாக்குக்குப் போகிறது என்பது முழுக்க முழுக்க எங்கள் கையில் இருக்கிறது. ஒருவர் விலையைக் குறைத்தால் மறுநாள் அடுத்தவரும் குறைப்பார். கழிவைக் குறைத்துக் கிடைக்கும் இலாபத்தை எவராலும் பறிக்க முடியாது.

பசறைத் தொழிற்சாலை இப்போதும் எங்களிடம்தான் வருகிறது. கிழிந்த சின்னத் தாள்களை மட்டும் புதிதாக வெட்டிக் கேட்கிறார்கள், பெயர்த் தாள் அப்படியே இருக்கிறது. முன்னரைவிட அவர்களுக்கு நான் விற்பது குறைவு. "வாப்பா, நாங்களே எங்கட வியாபாரத்தக் குறைச்சிக்கிட்டோமே" என்று மகன் ஒரு நாள் சொன்னான். பில்லையும் ரோலையும் வைத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். விற்ற தொகை குறைந்திருந்தது, கையில் மிஞ்சியது கூடியிருந்தது. அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன வாரம் ஓர் ஓடர் வந்தபோது பார்த்தேன், மெசினைப் போடாமல் கணினித் திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் தொடங்கவில்லையா மகன்?" என்று கேட்டேன்.

"தொடங்கிட்டன் வாப்பா" என்றான்.